புனைபெயரும் பத்திரிகாதருமமும்: வன்னியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

குறுந்தொகை முதலாய தொகைநூல்களைப் பயில்வோர் செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவர் என்னும் பெயர்களைக் கண்டு வியப்புறுவர். இவை பெற்றோர் இட்ட பெயர்களல்ல. பாடினோர் பெயர் தெரியாதொழிந்தவிடத்து, அவர்தம் செய்யுளில் மிளிர்ந்த ஒரு தொடரையே பெயராக்கி வழங்கினர் பண்டையோர். பெயர் கிடைக்கவில்லையே என்று பாட்டைத் தள்ளிவிடவுமில்லை; வேறொருவர் பெயரை அதன் தலையில் ஏற்றவுமில்லை. சொல்லியவர் தம் சொல்லாலேயே அறியப்பட்டார்.

ஆயின், காலத்தால் தொலைந்த பெயர் வேறு. உடையவர் தாமே மறைத்த பெயர் வேறு. பின்னையது பற்றியே இன்று பெரியதொரு வழக்கு எழுந்துள்ளது. முகநூல் போன்ற தளங்களில் பெயரை மறைத்து எழுதுவோர் இலட்சக்கணக்கினர். அவருள் ஒருவரைத் தேடிப்பிடித்து, இன்னார், இன்ன ஊரார், இன்ன தொழிலர் என்று பத்திரிகையாளர் உலகறிய வெளியிடுதல் தருமமா என்பது வினா. கருவி புதிதாதலின் வினாவும் புதிதென்று பலர் எண்ணுவர். அஃது அவ்வாறன்று. அச்சியந்திரம் தோன்றிய நாள்தொட்டு இவ்வினா உளது. அதற்கு விடை கூறுவதற்கு வேண்டிய அனுபவம் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்னும் வன்னிப் பெருநிலத்து மக்களுக்குப் பிறரினும் மிகுதியாக வாய்த்துள்ளது.

முதற்கண் ஒன்றை மனத்திற் கொள்ளல் வேண்டும். மறைந்து நிற்றல் எளியோரின் தந்திரம் மட்டுமன்று. அரசு அதனை எக்காலத்தும் தன் உரிமையாகவே கொண்டு வந்துள்ளது. திருக்குறளில் ஒற்றாடல் என்பதற்குத் தனியே ஓர் அதிகாரம் உண்டு. ஒற்றன் துறவுக்கோலமும் பூணலாம். எத்துன்பம் நேரினும் தன்னை வெளியிடலாகாது என்பது அங்கே கூறப்படும் இலக்கணம். ஆகவே, பெயரை மறைப்பவன் எல்லாம் கோழை என்று ஒரே வீச்சில் கூறுவோர், அக்குற்றத்தை முதலில் அரசர்மேலேயே சுமத்தல் வேண்டும்.

இங்கிலாந்தில் 1769 ஆம் ஆண்டு சனவரி முதல் 1772 ஆம் ஆண்டு சனவரி வரை ‘பப்ளிக் அட்வர்டைசர்’ என்னும் பத்திரிகையில் யூனியஸ் என்ற பெயரோடு கடிதங்கள் வெளிவந்தன. அமைச்சரை மட்டுமன்றி மன்னன் மூன்றாம் ஜோர்ஜையே அவர் நேர்முகமாகக் கண்டித்து எழுதினார். அரசாங்கம் எழுதியவரைக் காணாமையால் அச்சிட்ட ஹென்றி சாம்சன் வுட்பாலை 1770 இல் நீதிமன்றில் நிறுத்திற்று. யூரிமாரோ, அச்சிட்டதும் வெளியிட்டதும் மட்டுமே அவர் குற்றம் எனத் தீர்ப்புக் கூறினர். அத்தீர்ப்பைக் கொண்டு அவரைத் தண்டிக்க இயலாது போயிற்று. வுட்பால் தம் கடித எழுத்தாளரைக் காட்டிக்கொடுத்தாரல்லர். பிலிப் பிரான்சிஸ் என்பாரே யூனியஸ் என்று அறிஞர் பலர் துணிவரேனும், ஐயம் முற்றாக நீங்கியபாடில்லை.

தமிழ்நாட்டு நிகழ்ச்சியொன்று இதனினும் சிக்கலானது. சுப்பிரமணிய பாரதியார் ஷெல்லிதாசன், காளிதாசன், சக்திதாசன் எனப் பல புனைபெயர்களில் எழுதியவர். அவர் நடத்திய ‘இந்தியா’ பத்திரிகையில், சட்டப்படி ஆசிரியராகப் பதிவு பெற்றிருந்தவர் சீனிவாசன் என்பவர். 1908 இல் அரசநிந்தனை வழக்கு எழுந்தபோது பதிவேட்டிலிருந்த பெயருக்கு உரியவர் சிறை சென்றார். எழுதியவர் புதுச்சேரிக்குச் சென்றார். பாரதியார் பெருமையை இது குறைப்பதன்று. எனினும், மறைபெயரின் விலையை எப்போதும் அதனைச் சூடியவரே கொடுப்பதில்லை என்னும் கசப்பான உண்மையை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது. மறைபெயரை ஆதரிப்போர் இப்பகுதியை விரைவாகக் கடந்துவிடுவது வழக்கம்.

இனி இலங்கைக்கு வருவோம். 1841 இல் ‘உதயதாரகை’யும், 1889 இல் ‘இந்துசாதன’மும் தோன்றிய யாழ்ப்பாணத்தில் புனைபெயர் எழுத்து பத்திரிகையோடு உடன்வளர்ந்தது எனலாம். பின்னாளில் அரசாங்க சேவையிலிருந்தோர் பலர் புனைபெயரிலேயே இலக்கியம் படைத்தனர். காரியாதிகாரியாகப் பணிபுரிந்த த. சிவஞானசுந்தரம் ‘இலங்கையர்கோன்’ ஆனார்; நிருவாக சேவையிலிருந்த க. குணராசா ‘செங்கை ஆழியான்’ ஆனார். பின்னவர் 1977 இல் எழுதிய ‘காட்டாறு’ வன்னிக் கமக்காரர் உத்தியோகத்தராலும் வியாபாரிகளாலும் சுரண்டப்படுதலைச் சித்திரிப்பது. அந்நாவலாசிரியர் தாமும் ஓர் உத்தியோகத்தர் என்பது ஊரறிந்த இரகசியம். அறிந்தும் ஒருவரும் அதனைப் பெரிதுபடுத்தவில்லை. இவ்வகைப் புனைபெயர் மெல்லிய திரை போன்றது. உள்ளே யார் என்பது தெரியும், ஆயினும் எவரும் திரையைக் கிழிப்பதில்லை.

இதற்கு நேர்மாறானது மொட்டைப் பெட்டிசம். காணி அளந்து கொடுக்கும் கந்தோரிலும், குளத்து நீரைப் பங்கிடும் கந்தோரிலும், பாடசாலைக் கல்விக் கந்தோரிலும் பெயரில்லாப் பெட்டிசம் வந்து குவிவதை அறியாதார் இலர். குடியேற்றத் திட்டங்கள் மிகுந்த வன்னியில் காணித்தகராறும் மிகுதி. ஆதலின் பெட்டிசமும் மிகுதி. அவற்றுட் சில மெய்யான ஊழலை வெளிப்படுத்தின. பல அயலானைக் கெடுக்கவே எழுதப்பட்டன. நல்ல அதிகாரி எழுதியவன் யார் என்று முதலில் தேடமாட்டார். எழுதியது மெய்யா என்றே ஆராய்வார். மெய்யாயின் பெயர் எதற்கு? பொய்யாயின் குப்பைக்கூடை அருகில் உண்டு. இப்பழைய கந்தோர் வழக்கம் இன்றைய பத்திரிகைக் கந்தோருக்கும் பொருந்துவதே.

நிற்க. மறைந்த முகம் என்றதும் இந்நாட்டுத் தமிழர் நெஞ்சில் முதலில் எழுவது எழுத்தாளர் முகமன்று, தலையாட்டியின் முகம். 1980 களிலும் அதன் பின்னரும் சுற்றிவளைப்புகள் நிகழ்ந்தபோது, ஊரவரை வெளியே அழைத்து வரிசையில் நிறுத்தி, முகமூடியணிந்த ஒருவர் முன் ஒவ்வொருவராக நடத்தினர். கண்ணுக்கென விட்ட இரண்டு துவாரங்கள் மட்டுமே தெரியும். அத்தலை அசைந்தால் நடந்தவர் ஒருபுறம் ஒதுக்கப்படுவார். அசையாவிடில் வீட்டுக்குத் திரும்புவார். இந்திய அமைதிப்படை இருந்த 1987 முதல் 1990 வரையான காலத்திலும் இம்முறை கையாளப்பட்டது. தென்னிலங்கையிலும் 1980 களின் இறுதியில் நிகழ்ந்த கிளர்ச்சிக் காலத்தில் சாக்கால் முகம் மூடிய இத்தகையோரைச் சிங்கள மக்கள் ‘கோணி பில்லா’ என்றழைத்து அஞ்சினர். மொழி வேறாயினும் பட்ட பாடு ஒன்றே.

தலையாட்டியைக் குறித்து இரண்டு செய்திகள் கருதத்தக்கன. அவன் ஒரு சொல்லும் சொல்வதில்லை. ஆதலின் அவன் சாட்சியை எவரும் மறுத்துப் பேச இயலாது. அன்றியும், அவன் முகமூடியைக் காத்து நின்றது படை. எழுத்தாளனின் மறைபெயரோ எதிர்மாறான தன்மையது. அவன் கூற்று வெளிப்படையாக எல்லோர் முன்னும் கிடக்கின்றது. யாரும் மறுக்கலாம், பிழை காட்டலாம். அவன் முகத்தை மறைப்பது தன் உயிரைக் காக்க. இரண்டையும் ‘பெயர் மறைத்தல்’ என்னும் ஒரே சொல்லாற் குறித்தமையாலேயே இவ்விடயத்தில் இத்துணை மயக்கம் நேர்ந்தது. (அத்தலையாட்டிகளுட் பலர் தாமும் சித்திரவதைக்கு அஞ்சித் தலையாட்டியவரே என்பதையும் மறத்தலாகாது.)

எழுத்தாளனின் மறைபெயருக்கு இலங்கையில் அறியப்பட்ட சான்று ‘தராகி’. மட்டக்களப்பிற் பிறந்த தர்மரத்தினம் சிவராம் 1989 முதல் ‘தி ஐலண்ட்’ என்னும் ஆங்கிலப் பத்திரிகையில் அப்பெயரில் எழுதிய போர் ஆய்வுகளைப் படைத்தலைவரும் தூதுவரும் ஒருங்கே படித்தனர். முன்பு இயக்கமொன்றில் இருந்தவர் என்று தெரிந்திருப்பின், அக்கட்டுரைகளைச் சிலர் தொட்டும் பார்த்திருக்கமாட்டார். பெயரில்லாமையால் கருத்து மட்டும் படிக்கப்பட்டது. காலப்போக்கில் அவர் யாரென்பது வெளியாயிற்று, அவரும் மறைக்கவில்லை. 2004 இல் அவர் வீடு பொலிசாரால் சோதனையிடப்பட்டது. 2005 ஏப்பிரில் 28 ஆம் நாள் இரவு கொழும்பு பம்பலப்பிட்டியில் கடத்தப்பட்டு, மறுநாள் பாராளுமன்றத்துக்கு அண்மையில் பிணமாகக் கிடந்தார். அக்கொலைக்காக எவரும் தண்டனை பெற்றிலர்.

அச்சம் ஒரு திசையிலிருந்து மட்டும் வந்ததன்று என்பதையும் நடுநிலையாளர் ஒப்புக்கொள்வர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீட விரிவுரையாளரும் ‘முறிந்த பனை’ நூலாசிரியர் நால்வருள் ஒருவருமான ராஜினி திராணகம 1989 செப்ரெம்பர் 21 ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். அரசபடையையும் இந்தியப் படையையும் இயக்கங்களையும் ஒருசேரக் கண்டித்தவர் அவர். அவருடன் பணியாற்றிய மனித உரிமைக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் தொடர்ந்து அறிக்கைகள் வெளியிட்டனர். அவற்றிற் பேசிய சாட்சிகள் பலர்க்குப் பெயரில்லை. வன்னியிலும் இயக்கத்தின் ஆட்சி நிலவிய நாள்களில் பிள்ளையைப் படைக்குக் கொடுக்க மறுத்த தாய் தன் பெயரைச் சொல்லி முறையிடத் துணிந்திருப்பாளா?

2006 ஆகஸ்டில் ஏ-9 வீதி முகமாலையில் மூடப்பட்ட பின் வன்னி சிறிது சிறிதாக உலகின் கண்ணினின்றும் மறைந்தது. 2008 செப்ரெம்பரில் ஐக்கிய நாடுகளின் ஊழியரும் பிற உதவி நிறுவனத்தாரும் கிளிநொச்சியை விட்டு வெளியேறினர். 2009 சனவரி 2 ஆம் நாள் கிளிநொச்சியும், அம்மாத இறுதியில் முல்லைத்தீவு நகரும் படையினர் வசமாயின. சுதந்திரமான நிருபர் ஒருவரும் உள்ளே செல்ல விடப்படவில்லை. அந்நிலையில் வெளியே வந்த செய்தி யாவும் பெயர் கூறாத மனிதரிடமிருந்தும், பெயர் கூறிப் பேசிய ஒருசிலரிடமிருந்துமே வந்தன. அவ்வொருசிலர் அரசாங்க வைத்தியர்கள். தம் பெயரோடும் பதவியோடும் தொலைபேசியில் இறந்தோர் தொகையையும் காயமுற்றோர் தொகையையும் கூறினர். போர் மே மாதத்தில் முடிந்ததும் அவர்கள் தடுத்துவைக்கப்பட்டனர். 2009 யூலை 8 ஆம் நாள் கொழும்பிற் பத்திரிகையாளர் முன் கொண்டுவரப்பட்டு, முன்பு தாம் கூறிய தொகைகள் மிகைப்பட்டவை என்றனர். எந்நிலையில் அவ்வாறு கூறினர் என்பதை வாசகரே உய்த்துணரலாம். பெயரோடு பேசுக என்று அறிவுரை கூறுவோர், பெயரோடு பேசியவர்க்கு வன்னியில் நேர்ந்தது இதுவென்பதை நினைத்தல் வேண்டும்.

அவ்வாண்டு ஆகஸ்ட் 25 ஆம் நாள் பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சி, கட்டப்பட்ட மனிதரைச் சுட்டுக் கொல்லும் காட்சி ஒன்றை ஒளிபரப்பிற்று. கைத்தொலைபேசியில் எடுக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட அப்படத்தை, இலங்கையில் ஜனநாயகத்துக்கான பத்திரிகையாளர்கள் என்னும் அமைப்பு அதற்கு வழங்கியிருந்தது. எடுத்தவர் யார், முதலில் வெளியே கொடுத்தவர் யார் என்பதை அத்தொலைக்காட்சி வெளியிடவில்லை. அரசாங்கம் அது பொய்ப்படம் என்றது. ஐக்கிய நாடுகளின் விசேட அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்ரன் நிபுணர் மூவரைக் கொண்டு ஆராய்ந்து, அது மெய்யானதாகவே தோன்றுகிறதென 2010 சனவரியில் அறிவித்தார். கவனித்தற்குரியது இதுவே: படத்தின் மெய்ம்மையை நிறுவ எடுத்தவர் பெயர் வேண்டியிருக்கவில்லை, படமே சான்றாயிற்று. 2011 இல் வெளியான ஐக்கிய நாடுகள் நிபுணர் குழு அறிக்கைக்கும் 4,000 இற்கு மேற்பட்ட மனுக்கள் வந்தன. சாட்சி கூறியோரைக் காக்கும்பொருட்டு அக்குழு தன் பத்திரங்களை மிக அந்தரங்கமானவை என வகுத்து வைத்தது.

இவ்விடத்தில் சற்றே கடல் கடந்து செல்லுதல் தகும். வன்னியில் போர் ஓய்ந்து ஒரு மாதங்கூடக் கழியாத 2009 யூன் 16 ஆம் நாள், இலண்டன் மேல்நீதிமன்றத்தில் வழக்கொன்று தீர்ந்தது. ‘நைற்ஜக்’ என்ற மறைபெயரில் இணையத்தில் வலைப்பூ எழுதிவந்தவர் ஒரு பொலிசுத் துப்பறிவாளர். அன்றாடப் பணியின் இடர்களையும் மேலிடத்தின் மூடத்தனத்தையும் அவர் எழுதிய நேர்மைக்காக அவ்வாண்டு ஓர்வெல் பரிசு கிடைத்தது. ‘தி ரைம்ஸ்’ பத்திரிகை அவர் பெயரை வெளியிட முற்பட, அவர் தடையுத்தரவு கோரினார். வலைப்பூ எழுதுதல் பொதுச்செயல். அதில் ஒருவர் தம் பெயரை இரகசியமாக வைத்திருக்க உரிமை எதிர்பார்த்தலாகாது என்று நீதியரசர் ஈடி மறுத்தார். பெயர் வெளியாயிற்று, வலைப்பூ அழிந்தது, எழுதியவர் தம் மேலிடத்தின் எச்சரிக்கைக்கு உள்ளானார்.

கதை அத்துடன் முடியவில்லை. பகிரங்கமாகக் கிடைத்த குறிப்புகளைக் கோத்தே அவர் யாரென்று கண்டதாகப் பத்திரிகை நீதிமன்றில் காட்டிக்கொண்டது. 2012 இல் லெவிசன் விசாரணை நடந்தபோதுதான், நிருபர் அப்பொலிசுக்காரரின் மின்னஞ்சற் பெட்டிக்குள் களவாகப் புகுந்தே முதலில் அறிந்தார் என்பது வெளிப்பட்டது. பத்திராதிபர் மன்னிப்புக் கேட்டார். பத்திரிகை 42,500 பவுண் நட்டஈடு கொடுத்தது. பிறர் முகத்திரையைக் கிழிக்கும் உரிமை பேசியவர், தாம் அதனைக் கிழித்த விதத்தை மறைத்து வைத்திருந்தனர். அப்பொலிசுக்காரர் எவரையும் கெடுக்கவில்லை. அதிகாரமுடையோரைக் குறைகூறியதே அவர் செயல். அவர் பெயரை அறிந்ததால் வாசகர் பெற்ற நன்மை யாதும் இல்லை; இழந்ததோ நல்லதோர் எழுத்தை. அவ்வெளியீடு பிழையென்றே துணியலாம்.

இதே வினா ஐந்தாண்டின் பின் இந்தியாவுக்கு வந்தது. ஐ.எஸ். என்னும் கொலைப்படையின் புகழைப் பரப்பி, ஆங்கிலத்தில் எழுதிவந்த பெயரில்லாக் கணக்கொன்று டுவிட்டர் தளத்தில் இருந்தது. அதனைப் பின்தொடர்ந்தோர் ஏறத்தாழ 17,700 பேர். 2014 டிசெம்பர் 11 ஆம் நாள், அதை நடத்துபவர் பெங்களூரில் கம்பனியொன்றில் வேலை செய்யும் ஓர் இளைஞர் எனச் சனல் 4 செய்திப்பிரிவு வெளியிட்டது. தம் உயிருக்கு இடர் வருமென்று அவர் கூறியதால் முழுப்பெயரை முதலில் நிறுத்திவைத்தது. இரண்டு நாளில் பொலிசார் அவரைக் கைதுசெய்தனர்.

2009 இல் வன்னிப் படத்தைத் தந்தவரை மறைத்துக் காத்த அதே சனல் 4, 2014 இல் பெங்களூர் இளைஞரை வெளிக்கொணர்ந்தது. இது முன்னுக்குப்பின் முரண் என்பார் உளர். முரணன்று. முன்னவர் கொலையை உலகிற்குக் காட்டியவர். பின்னவர் கொலையைப் புகழ்ந்து ஆள் சேர்ந்திட ஊக்கியவர். முன்னவரின் பெயர் செய்திக்குப் புறம்பானது. பின்னவரிடத்தோ, போர்க்களத்திலிருந்து ஒலிப்பதாகப் பலர் நம்பிய குரல் உண்மையில் ஒரு நகரத்துக் கந்தோர் ஊழியருடையது என்பதே செய்தி. எனினும், நிறுவனம் பாதிப்பெயரைச் சொல்லிப் பாதியை விட்டது பொருந்தாது. நகரமும் தொழிலும் வெளியானபின் எஞ்சியதைப் பிறர் கண்டுகொள்ள நெடுநேரம் செல்லாது. வெளியிடுவதாயின் பின்விளைவுக்குப் பொறுப்பேற்று முழுதும் வெளியிடுதல் வேண்டும். அஞ்சின் வாளாவிருத்தல் வேண்டும்.

ஆளை மாற்றிக் காட்டிவிடின் என்செய்வது? 2019 ஏப்பிரிலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின், இலங்கைப் பொலிசார் தேடப்படுவோர் எனப் படங்களை வெளியிட்டனர். அவற்றுள் ஒன்று அமெரிக்காவிலே பல்கலைக்கழகத்திற் படித்துக்கொண்டிருந்த, இந்நாட்டு வமிசத்து மாணவி ஒருவரின் படம். பொலிசார் தவற்றை ஒப்புக்கொண்டு வருந்தினர். ஆயினும் அதற்குள் கொலை மிரட்டல்கள் அவரை எட்டிவிட்டன. விசாரணைக்கு வேண்டிய ஆளும் பொருளும் உடைய பொலிசே இவ்வாறு பிழைக்குமாயின், ஒரு நிருபர் இரவுக்குள் செய்யும் துப்பறிவு எத்தகையதாகும்!

மறுபக்கத்தையும் கூறாது விடின் நீதியாகாது. இன்று வன்னிக் கிராமங்களிலும் பெயரில்லா முகநூற் கணக்குகளால் நொந்தோர் உளர். இளம் பெண்ணின் படத்தை எடுத்து இழிமொழி சேர்த்துப் பரப்புதல், ஆசிரியர்மேல் அடாப்பழி சுமத்துதல், போரில் கணவனை இழந்து தனியே குடும்பம் காக்கும் பெண்ணைத் தூற்றுதல் ஆகியன நிகழ்கின்றன. இவை பழைய மொட்டைப் பெட்டிசத்தின் வழிவந்தவை. அன்று பெட்டிசத்தை ஓர் அதிகாரி படித்தார், இன்று ஊரே படிக்கின்றது. இவ்வாறு நொந்தவர் ‘எழுதியவன் யார்’ என்று கேட்பதில் தவறு யாது? அவருக்கு விடை கிடைத்தல் வேண்டும். அவ்விடையைத் தருதற்கு உரிய இடம் நீதிமன்றமாகும். அங்கே மறுமொழி கூறவும் முறையீடு செய்யவும் வழியுண்டு. பத்திரிகையின் முதற்பக்கத்தில் ஒருமுறை அச்சேறிய பெயருக்கு அவ்வழி இல்லை.

ஆனால் சட்டத்தின் கையில் ஒப்படைத்துவிட்டு ஆறுதலுறவும் இந்நாட்டில் இயலாதிருக்கின்றது. 2019 இல் சிங்கள எழுத்தாளர் ஒருவர் முகநூலில் தம் சொந்தப் பெயரில் வெளியிட்ட சிறுகதைக்காக, 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நான்கு மாதம் விளக்கமறியலில் இருந்தார். மனித உரிமையைக் காக்கவென்று இயற்றப்பட்ட சட்டம் அது என்பது நகைப்புக்குரியது. முகநூலில் நினைவஞ்சலிப் படம் இட்டமைக்காகப் பயங்கரவாதத் தடைச்சட்டத்தின்கீழ்த் தமிழ் இளைஞர் பலர் கைதாகினர். 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தபோது பத்திரிகையாளர் அதனை எதிர்த்தமைக்கு இவ்வரலாறே காரணம். இத்தகைய சூழலில் ஒரு பத்திரிகை பெயரொன்றை வெளியிடுவது, வாசகருக்கு அறிவிப்பது மட்டுமன்று. கைது செய்வோருக்கு விலாசம் எழுதிக் கொடுப்பதுமாகும். இலண்டனில் பெயர் வெளியானவர் எச்சரிக்கை பெற்றார். வன்னியில் பெயர் வெளியாகுபவர் எதனைப் பெறுவார் என்று பத்திராதிபர் முன்கூட்டியே எண்ணுதல் கடன். ஆதலின் இலண்டனிற் போதும் எனப்படும் காரணம் இங்கே போதாது.

2020 ஒக்ரோபர் 12 ஆம் நாள், முல்லைத்தீவு மாவட்டத்து முறிப்புப் பகுதியில் சட்டவிரோதமாக மரம் வெட்டப்படுதலைப் பார்த்துப் படமெடுக்கச் சென்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர் இருவர், மரக்கடத்தற்காரரால் தாக்கப்பட்டனர். அடிபட்டவர் பெயர் நாடெங்கும் தெரிந்தது. காட்டில் மரம் விழும் ஓசை கேட்பவர் ஊரவர். உழவு இயந்திரம் எவ்வழியாக, எந்த இரவில் போகின்றது என்பது அவர்க்கே தெரியும். அவர்கள் நாளையும் அதே ஒழுங்கையால் வயலுக்குச் செல்ல வேண்டியவர். வன்னியிலிருந்து வரும் இத்தகைய செய்திகளின் இறுதி வரியை வாசகர் நாள்தோறும் படித்திருப்பர்: ‘பிரதேச மக்கள் தெரிவிக்கின்றனர்.’ நிருபரின் குறிப்புப் புத்தகத்தில் அம்மக்களுக்குப் பெயரும் வீட்டிலக்கமும் உண்டு. அவை அங்கேயே இருக்கின்றன.